ஒரு கிராமும் தொலையாது: ரசாயனக் கணக்கு பழகும் பிள்ளைகளுக்குப் பதினொரு அறிவுரைகள்

பியுசி முதல் வருடம் சேர்ந்த சில வாரங்களிலேயே நம் ராபர்ட்சன்பேட்டைப் பிள்ளைகள் பலர் வேதியியலைக் கண்டு பயந்துவிடுகிறார்கள். என்னப்பா என்று கேட்டால், "மோல் கணக்கு வரல சார்" என்பதுதான் பதில். அந்த மோல் கணக்குக்கு அடியில் இருப்பது ஒரே ஒரு விதி. வினைக்கு முன் இருந்த மொத்த நிறையும் வினைக்குப் பின் இருக்கும் மொத்த நிறையும் சமம். பொருண்மை அழியா விதி என்று ஹைஸ்கூலிலேயே படித்து, ஒரு மார்க் கேள்விக்கு எழுதிவிட்டு மறந்த விதிதான். அதை மறுபடி கையில் எடுங்கள். பயம் போய்விடும்.

இந்த விதியைப் படிக்க நம் தங்கச் சுரங்க ஊரைவிட நல்ல இடம் கிடையாது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து, 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்ட் மைன்ஸ் மூடப்பட்டதுவரை, இங்கே சுமார் 800 டன் தங்கம் எடுத்தார்கள். அந்தத் தங்கம் ஊரைவிட்டுப் போய்விட்டது. அதைக் கொடுத்த பாறை மட்டும் பொடியாகி, சயனைடு மேடுகளாக, சுமார் 3.3 கோடி டன் இன்னும் இங்கேயே கிடக்கிறது. உள்ளே எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு வந்தது, மிச்சம் எங்கே என்று, பாறையை அரைத்துத் தங்கம் பிரித்த மைன்ஸ் மில்லில் நாள்தோறும் கேட்ட கேள்விகள்தான் உங்கள் பாடப்புத்தகக் கணக்கிலும் வருகின்றன. அந்த வழியிலேயே சொல்லித் தருகிறேன்.

1. முதலில் எல்லை போடுங்கள்

கணக்கைப் படித்ததும் சூத்திரத்தைத் தேடாதீர்கள். தாளில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் என்னென்ன போனது, அதிலிருந்து என்னென்ன வெளியேறியது என்று எழுதுங்கள். விறகு எரிந்தால் எடை குறைகிறது. 2.4 கிராம் மெக்னீசியம் நாடாவை எரித்தால் 4.0 கிராம் வெள்ளைப் பொடி கிடைத்து எடை கூடுகிறது. இரண்டும் விதியை மீறவில்லை. விறகிலிருந்து வாயு வெளியே போனது. மெக்னீசியத்துக்குள் காற்றிலிருந்து 1.6 கிராம் ஆக்சிஜன் வந்தது. கட்டத்துக்குள் காற்றையும் சேர்த்துவிட்டால் இரண்டு கணக்கும் நேராகிவிடும்.

இந்த விதியைச் சோதித்துப் பார்த்தவர்கள் செய்ததும் இதுதான். ரஷ்யாவின் லோமனோசோவ் 1756இல் உலோகத்தை மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் கலத்தில் வைத்துச் சூடாக்கினார். வெளிக்காற்று புகாதபோது எடை கூடவில்லை என்று கண்டார். பிரான்சின் லாவோசியர் 1774இல் வெள்ளீயத்தை மூடிய கலத்தில் சூடாக்கினார். கலத்தைத் திறந்து, காற்று உள்ளே புகுந்த பிறகுதான் எடை ஏறியது. 1789இல் வந்த அவருடைய பாடநூல் இந்த விதியை வேதியியலின் அஸ்திவாரமாகவே ஆக்கிவிட்டது. அவர் வரி வசூல் நிறுவனத்தில் பங்குதாரராகவும் இருந்தவர். வரவும் செலவும் சமமாக வேண்டும் என்ற பிடிவாதம் அவருடைய தராசிலும் இருந்தது.

2. எது மாறாது, எது மாறும் என்று பிரித்து வையுங்கள்

ரசாயன வினையில் மாறாதவை இரண்டு. ஒன்று மொத்த நிறை, மற்றொன்று ஒவ்வொரு தனிமத்தின் அணு எண்ணிக்கை. மோல் எண்ணிக்கை மாறலாம், வாயுவின் கனஅளவும் மாறலாம். 1 மோல் நைட்ரஜனும் 3 மோல் ஹைட்ரஜனும் சேர்ந்தால் 2 மோல் அம்மோனியா வருகிறது. 4 மோல் 2 ஆகிவிட்டது. ஆனால் 28 கிராமும் 6 கிராமும் சேர்ந்து 34 கிராம். அந்தப் பக்கமும் 34 கிராம்தான். "இந்தப் பக்கம் 4 மோல், அதனால் அந்தப் பக்கமும் 4" என்று எழுதினால் கணக்கு முதல் வரியிலேயே கவிழ்ந்துவிடும்.

3. சமன் செய்த சமன்பாட்டை நம்பாதீர்கள், கூட்டிப் பாருங்கள்

நம் ஊர் வினையையே எடுத்துக்கொள்வோம். தங்கத்தைச் சயனைடில் கரைக்கும் முறையை 1887இல் கிளாஸ்கோவில் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் உருவாக்கினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது நம் மைன்ஸுக்கும் வந்துவிட்டது. சமன்பாடு இது:

4 தங்கம் + 8 சோடியம் சயனைடு + 1 ஆக்சிஜன் + 2 தண்ணீர் → 4 சோடியம் தங்க சயனைடு + 4 சோடியம் ஹைட்ராக்சைடு

இப்போது எடையைப் போடுங்கள். தங்கம் 4 × 197 = 788. சோடியம் சயனைடு 8 × 49 = 392. ஆக்சிஜன் 32. தண்ணீர் 2 × 18 = 36. மொத்தம் 1248. வலப்பக்கம், சோடியம் தங்க சயனைடு 4 × 272 = 1088. சோடியம் ஹைட்ராக்சைடு 4 × 40 = 160. மொத்தம் 1248. பொருந்திவிட்டது.

ஆக்சிஜனை விட்டுவிட்டு எழுதியிருந்தால் இடப்பக்கம் 1216தான் வரும், 32 குறையும். அந்த 32ஐ அலட்சியம் செய்யக் கூடாது. தங்கம் சயனைடில் கரைய ஆக்சிஜன் வேண்டும் என்று ஜெர்மனியின் எல்ஸ்னர் 1846இலேயே காட்டியிருந்தார். காற்றுப் படாத சயனைடுத் தொட்டியில் தங்கம் கரையாமல் நின்றுவிடும். தாளில் குறையும் 32 தொட்டியிலும் குறையும். அதனால் சமன்பாட்டை எழுதியதும் இரு பக்க எடையையும் கூட்டுங்கள். தேர்வில் இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

4. எடை விகிதத்தை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் போதும்

788 கிராம் தங்கத்துக்கு 392 கிராம் சோடியம் சயனைடு. அப்படியானால் 1 கிலோ தங்கத்துக்கு 392 ÷ 788 = சுமார் 0.497 கிலோ. ஆக்சிஜன் சுமார் 41 கிராம். மோலுக்குப் போய்த் திரும்பி வந்தாலும் இதே விடைதான்.

ஆனால் மில்லில் இதைவிடப் பல மடங்கு சயனைடு செலவாகும். ஒரு டன் பாறையில் தங்கம் சில கிராம்தான், மற்றதெல்லாம் வேறு தாதுக்கள். அவற்றில் உள்ள இரும்பும் கந்தகமும்கூடச் சயனைடோடு வினைபுரியும். சயனைடு விஷவாயுவாக மாறி வெளியேறாமல் இருக்கச் சுண்ணாம்பும் சேர்க்க வேண்டும். ஆக, சமன்பாடு தருவது குறைந்தபட்சத் தேவை. கணக்கில் "தேவைக்கு அதிகமாக எடுத்துக்கொண்டோம்" என்ற வரி வந்தால், அந்த அதிகப்படியும் முடிவில் எங்கோ இருக்கிறது என்று நினைவு வையுங்கள்.

5. குறைந்த எடையில்தான் விடை இருக்கும்

"சூடாக்கியபின் எடை 17.6 கிராம் குறைந்தது" என்று கணக்கில் வந்தால் மிரள வேண்டாம். கேள்வி எழுதியவர் உங்களுக்குச் சாவியையே கொடுத்துவிட்டார்.

50 கிராம் கலப்படச் சுண்ணாம்புக்கல்லை முழுவதும் சுட்டதில் 17.6 கிராம் குறைந்தது. தூய கால்சியம் கார்பனேட் எத்தனை சதவீதம்? வெளியே போனது கார்பன் டை ஆக்சைடு மட்டும். 44 கிராம் போக வேண்டுமானால் 100 கிராம் கால்சியம் கார்பனேட் வேண்டும். 17.6 கிராம் போக 40 கிராம் வேண்டும். 50இல் 40, அதாவது 80 சதவீதம். கல்லுக்குள் இருந்த கலப்படம் என்ன என்று தெரியாமலே விடை வந்துவிட்டது.

மயில்துத்தமும் இப்படித்தான். நீலப் படிகம் 5 கிராமைச் சூடாக்கி வெள்ளையாக்கினால் சுமார் 1.8 கிராம் குறையும். அவ்வளவும் படிகத்துக்குள் இருந்த தண்ணீர். லேபில் இதைச் செய்யும்போது ஒருமுறை நிறுத்ததோடு விடக் கூடாது. மறுபடி சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி நிறுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு எடை ஒன்றாக வந்தால்தான் தண்ணீர் முழுவதும் போய்விட்டது என்று பொருள்.

6. மிச்சத்தை எழுதாமல் கணக்கை மூடாதீர்கள்

10 கிராம் இரும்புத்தூளோடு 4 கிராம் கந்தகம் சேர்த்துச் சூடாக்குகிறோம். 56 கிராம் இரும்புக்கு 32 கிராம் கந்தகம், அதாவது 7க்கு 4. ஆகவே 4 கிராம் கந்தகம் 7 கிராம் இரும்பைத்தான் எடுத்துக்கொள்ளும். கிடைப்பது 11 கிராம் இரும்பு சல்பைடு. 3 கிராம் இரும்பு சும்மா நிற்கும். 11 + 3 = 14. போட்டது 10 + 4 = 14.

இப்படி ஒரு பொருள் முன்பே தீர்ந்து மற்றொன்று மிஞ்சும் லிமிட்டிங் ரீஏஜென்ட் கணக்கில் தவறும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த 3 கிராமை எழுதாதவர்கள்தான். 14 கிராமையும் இரும்பு சல்பைடு என்று எழுதிவிடுவார்கள். எழுதி முடித்ததும் காந்தம் ஒன்றை மனதில் கொண்டுவாருங்கள். மிஞ்சிய இரும்பு அதில் ஒட்டும்.

7. அளக்க முடியாததைக் கழித்துக் கண்டுபிடியுங்கள்

கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் உள்ள ஒரு திரவம் 2.3 கிராம். முழுவதும் எரித்ததில் 4.4 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 2.7 கிராம் தண்ணீரும் கிடைத்தன. திரவத்தில் ஆக்சிஜன் எவ்வளவு?

4.4 கிராம் கார்பன் டை ஆக்சைடில் கார்பன் 1.2 கிராம். 2.7 கிராம் தண்ணீரில் ஹைட்ரஜன் 0.3 கிராம். இரண்டும் திரவத்திலிருந்து மட்டுமே வந்திருக்க முடியும். 2.3இல் 1.5 போனால் மிச்சம் 0.8 கிராம், அதுதான் திரவத்தின் ஆக்சிஜன். அணு எடையால் வகுத்தால் கார்பன் 0.1, ஹைட்ரஜன் 0.3, ஆக்சிஜன் 0.05. விகிதம் 2 : 6 : 1. எத்தனாலின் விகிதம்.

விளைபொருளில் உள்ள எல்லா ஆக்சிஜனையும் திரவத்தின் தலையில் கட்டாதீர்கள், பெரும்பகுதி காற்றிலிருந்து வந்தது. எவ்வளவு என்பதையும் விதியே சொல்லும். 4.4 + 2.7 = 7.1. அதில் திரவம் 2.3 போக, காற்று கொடுத்தது 4.8 கிராம்.

8. பல படி வினையில் ஒரே அணுவின் பின்னால் போங்கள்

இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டிலிருந்து கந்தக அமிலம் தயாரிப்பதில் மூன்று நான்கு வினைகள் வருகின்றன. எல்லாவற்றையும் சமன் செய்து உட்கார வேண்டியதில்லை. கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 120 கிராம் பைரைட்டில் 2 மோல் கந்தக அணு, 98 கிராம் கந்தக அமிலத்தில் 1 மோல். எனவே 60 கிராம் பைரைட் முழுவதும் மாறினால் 98 கிராம் அமிலம். நடுவில் எத்தனை ஆக்சைடு வந்து போனாலும் கந்தகம் அதே கந்தகம்தான்.

நம் மில்லிலும் தங்கம் இப்படித்தான் பயணம் செய்தது. பாறையில் இருந்த தங்கம் சயனைடில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. துத்தநாகத்தைச் சேர்த்ததும் மறுபடி கருந்தூளாகப் படிந்தது. 544 கிராம் சோடியம் தங்க சயனைடும் 65.4 கிராம் துத்தநாகமும் சேர்ந்து 215.4 கிராம் சோடியம் துத்தநாக சயனைடும் 394 கிராம் தங்கமும் தருகின்றன. கூட்டிப் பாருங்கள், இரு பக்கமும் 609.4. கரைந்த 394 கிராம்தான் திரும்பி வந்தது.

9. தூய்மை, மீட்பு, இழப்பு மூன்றையும் குழப்பாதீர்கள்

சதவீதம் வந்தால் எது எதனுடைய சதவீதம் என்று முதலில் கேளுங்கள். ஓர் உதாரணம். மில்லுக்குள் 1000 டன் பாறை போகிறது. டன்னுக்கு 4 கிராம் தங்கம், ஆக உள்ளே போனது 4 கிலோ. வெளியேறும் மண்ணில் டன்னுக்கு 0.4 கிராம் என்றால் அதில் போனது 0.4 கிலோ. அப்படியானால் கைக்கு வர வேண்டியது 3.6 கிலோ, மீட்பு 90 சதவீதம். பெட்டகத்தில் 3.4 கிலோதான் இருக்கிறது என்றால், 200 கிராம் காற்றில் கரையவில்லை. தொட்டியின் அடியில் படிந்திருக்கும், கரைசலில் நிற்கும், அளந்ததில் பிழை இருக்கும், அல்லது யார் கையிலோ இருக்கும். மில்லை நடத்தியவர்கள் அந்த 200 கிராம் கிடைக்கும்வரை கணக்கை மூட மாட்டார்கள்.

டன்னுக்கு 4 கிராம் என்று எப்படிச் சொல்ல முடிந்தது? நெருப்பில் வைத்துத் தங்கத்தை அளக்கும் முறையை ஒருமுறை கவனமாகப் படியுங்கள். பொடித்த மண் 30 கிராம் எடுத்து ஈய ஆக்சைடு, வெங்காரம், சோடா, கொஞ்சம் மாவு கலந்து மூசையில் உருக்குவார்கள். மாவில் உள்ள கார்பன் ஈய ஆக்சைடை ஈயமாக்கும். அந்த ஈயம் மண்ணில் உள்ள தங்கத்தையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு அடியில் இறங்கும். மேலே கசடு கண்ணாடியாக உறையும். கசடைத் தட்டி எடுத்துவிட்டு, ஈயக் கட்டியை எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து உலையில் விட்டால், ஈயம் ஆக்சைடாகிக் கிண்ணத்துக்குள் ஊறிவிடும். கடைசியில் ஒரு சிறு மணி மிஞ்சும். அதை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளி கரையும், தங்கம் நிற்கும். டன்னுக்கு 4 கிராம் என்றால் இந்த 30 கிராம் மண்ணில் கிடைக்கும் தங்கம் 0.12 மில்லிகிராம். அந்தத் துளியை நிறுத்துத்தான் ஆயிரம் டன்னுக்குக் கணக்குச் சொன்னார்கள். உருக்கியபோதும் ஊறியபோதும் கரைத்தபோதும் தங்கம் எங்கும் போகாது என்ற நம்பிக்கையில்தான் இந்த முறை முழுவதும் நிற்கிறது.

10. கழிவையும் விளைபொருள் பட்டியலில் எழுதுங்கள்

சமன்பாட்டின் வலப்பக்கத்தில் நமக்கு வேண்டிய பொருளை மட்டும் எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. நம் ஊர் மேடுகளைப் பார்த்து அந்தப் பழக்கத்தை விடுங்கள். 3.3 கோடி டன் மண்ணில் டன்னுக்கு 0.7 கிராம் தங்கம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 23 டன் தங்கம் இன்னும் அந்த மேட்டிலேயே இருக்கிறது. மீட்பில் விட்டுப்போன சில சதவீதம் நூற்றுச் சொச்சம் வருடம் சேர்ந்தால் இவ்வளவாகிறது. அதனால்தான் மேடுகளை மறுபடி அலசுவது பற்றிப் பேச்சு ஓயவில்லை.

இதே விதி இன்னொன்றும் சொல்கிறது. பாறையோடு வந்த மற்றவையும் அங்கேதான் இருக்கின்றன. காற்றடிக்கும் காலத்தில் வீட்டுக்குள்ளும் தட்டிலும் படியும் தூசி அந்த மேட்டின் நிறைதான். சயனைடு வெயிலிலும் காற்றிலும் சிதையும். சிதைந்தாலும் அதிலிருந்த கார்பனும் நைட்ரஜனும் வேறு பொருளாக எங்கோ இருக்கும். எறிந்துவிட்டோம் என்று சொல்வதற்கு வேதியியலில் இடம் கிடையாது. நாளைக்கு நீங்கள் ஒரு தொழிற்சாலையில் பொறுப்பில் உட்காரும்போது, கழிவு எங்கே போகும் என்ற கேள்வியை முதல் நாளே கேளுங்கள். நம் ஊரில் பிறந்தவர்களுக்கு அந்தக் கடமை கொஞ்சம் கூடுதல்.

11. விதியின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஜெர்மனியின் லாண்டோல்ட் பத்து வருடங்களுக்கும் மேலாக மூடிய கண்ணாடிக் குழாய்களில் வினைகளை நடத்தி, 1908 வாக்கில் தம் தராசுக்கு எட்டிய அளவில் நிறை மாறவில்லை என்று முடிவுசெய்தார். ஐன்ஸ்டைன் சொன்னபடி ஆற்றல் வெளியேறினால் நிறையும் குறையும். ஆனால் 12 கிராம் கார்பன் எரியும்போது குறைவது ஒரு கிராமில் நூறு கோடியில் நான்கு பங்குதான். எந்த லேப் தராசும் அதைக் காட்டாது. அணு உலையிலும் சூரியனிலும் அது பெரிய தொகை. உங்கள் சோதனைக்குழாயில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதே இல்லை.

அணுவின் உள்ளே இருக்கும் புரோட்டானே ஒருநாள் அழியுமா என்ற கேள்வியையும் நம் சுரங்கத்தில்தான் கேட்டார்கள். 1965இல் இங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் காற்றுமண்டல நியூட்ரினோ என்ற துகளைப் பதிவுசெய்தார்கள். பின்பு 1980இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா சிட்டி பல்கலைக்கழகமும் சுமார் 2300 மீட்டர் ஆழத்தில் 140 டன் எடையுள்ள இரும்புக் கருவியை வைத்துப் புரோட்டான் சிதைவைத் தேடின. புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று சில நிகழ்வுகளை ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறகு வந்த பெரிய சோதனைகள் அதை உறுதிசெய்யவில்லை. புரோட்டான் அழிந்ததை இன்றுவரை உலகில் யாரும் உறுதியாகக் கண்டதில்லை. நீங்கள் நம்பிக் கணக்குப் போடும் விதியை அவ்வளவு ஆழம்வரை சோதித்த ஊர் உங்கள் ஊர்.

பிள்ளைகளே, இதையெல்லாம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். இன்று இரவே, நீங்கள் முன்பு போட்டு வைத்த கணக்குகளில் மூன்றை எடுங்கள். ஒவ்வொன்றிலும் உள்ளே போன எடையை ஒரு பக்கமும், வெளியே வந்தது, மிஞ்சியது, வாயுவாகப் போனது மூன்றையும் மறுபக்கமும் எழுதிக் கூட்டுங்கள். பொருந்தவில்லை என்றால் விடையைத் திருத்துங்கள், விதியைத் திருத்தாதீர்கள். பரீட்சையிலும், சிஇடியிலும், நீட்டிலும் தவறான விடைகள் சிலவற்றை இந்தக் கூட்டல் ஒன்றே தள்ளிவிடும். வெளியூர் டியூஷனுக்குக் கட்டப் பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு பென்சிலும் அணு எடைப் பட்டியலும் போதும். உட்கார்ந்து போடுங்கள், வரும்.